மூட்டுக்குள் ஒரு ஊசிக் கேமரா

முழங்கால் வலி என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் பெரிய உறையில் எம்.ஆர்.ஐ. படத்தோடுதான் வருகிறார்கள். நான் காலைத் தொட்டுப் பார்ப்பதற்குள் அறிக்கையின் கடைசி வரியைக் காட்டி, "ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு டாக்டர், ஆபரேஷன்தானா?" என்பார்கள். அந்த வரியை எழுதியவர் படத்தை மட்டும்தான் பார்த்திருப்பார். நோயாளி நடந்து வந்ததையோ, பெஞ்சிலிருந்து எழுந்ததையோ பார்த்திருக்க மாட்டார். அவர்மேல் தப்பில்லை, அவர் வேலை அது. ஆனால் படம் சொல்வதும் கால் சொல்வதும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. எலும்பு மருத்துவனாக என் பிழைப்பில் பாதி இந்த இரண்டுக்கும் பஞ்சாயத்து பண்ணுவதிலேயே போகிறது.

நான் எம்.எஸ். ஆர்த்தோ படித்த தொண்ணூறுகளில் நிலைமை நேர்மாறு. எம்.ஆர்.ஐ. பெரிய ஊர் விஷயம். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் அதை எடுத்து வாருங்கள் என்று சொல்ல வாய் வராது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. கையால் மூட்டை மடக்கித் திருகிப் பார்த்துச் சொல்வோம். அதிலும் தெளிவில்லை என்றால் மூட்டுக்குள் பார்க்கும் குழாயான ஆர்த்ராஸ்கோப் போட்டுப் பார்ப்போம். பார்ப்பதற்காக மட்டுமே. அதற்கு முதல் நாளே சேர்க்கை, இரவு பத்து மணிக்கு மேல் பட்டினி, காலையில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பது, தொடையில் டூர்னிக்கே கட்டி ரத்தத்தை நிறுத்துவது என்று முழு தியேட்டர் சடங்கும் உண்டு. 4 மில்லிமீட்டர் குழாய் உள்ளே போகும். எங்கள் பேராசிரியர் தலைமுறை அதன் பின்முனையில் கண்ணை வைத்துப் பார்த்தவர்கள். எங்கள் காலத்துக்குள் கேமராவும் ஒரு குண்டு டி.வி.யும் வந்திருந்தன. கேமராவுக்கு வெள்ளை எது என்று காட்ட காஸ் துணியை நீட்டுவதும், லைட் கேபிளைக் கவனிக்காமல் துணிமேல் வைத்தால் துணி கருகும் என்று டெக்னீஷியன் அண்ணன் கத்துவதும், ஒரு கேஸுக்கும் அடுத்த கேஸுக்கும் நடுவே ஸ்கோப் சைடெக்ஸ் கிருமிநாசினியில் ஊறும் நெடியும் இன்னும் மூக்கில் இருக்கின்றன.

பிறகு எம்.ஆர்.ஐ. மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்தது, பார்ப்பதற்காக மட்டும் ஸ்கோப் போடும் வழக்கம் போயே போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமில்லை. வெறுமனே பார்க்க ஒருவரைத் தியேட்டர் மேஜையில் படுக்க வைப்பது சரியில்லை என்ற எண்ணம் அப்போதே எங்களில் பலருக்கு இருந்தது.

அந்த வேலை இப்போது வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை தியேட்டர் வேண்டாம், மைனர் ஓ.டி. போதும். அதாவது ஓ.பி. அறையை ஒட்டி, மாவுக்கட்டு வெட்டுவதற்கும் சீழ்க் கட்டி கீறுவதற்கும் வைத்திருக்கிறோமே, அந்தச் சின்ன அறை. கருவியின் தடிமன் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மூட்டில் நீர் எடுக்கும் பெரிய ஊசியைப் பார்த்தவர்களுக்கு இது பயமாக இருக்காது. செல்போன் கேமராவில் இருப்பது போன்ற சில்லு ஒன்று ஊசியின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒயரின் மறுமுனையில் கையடக்கத் திரை. தொண்ணூறுகளிலும் இப்படி மெல்லிய ஸ்கோப் வந்தது. அது கண்ணாடி இழைக் கற்றையால் ஆனது, ஒவ்வொரு இழையும் திரையில் ஒரு புள்ளி. புள்ளி புள்ளியாகத் தெரிந்த அந்தப் படத்தை நம்பி யாரும் முடிவெடுக்கத் துணியவில்லை, சீக்கிரமே அலமாரிக்குப் போய்விட்டது. இழையின் இடத்தைச் சில்லு பிடித்த பிறகுதான் படம் படமாக வந்தது.

எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பயந்து போய் வருகிறவர்கள் அதிகம் என்பதால்.

நோயாளி மேஜை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம், சாய்ந்தும் படுக்கலாம். சிஸ்டர் முதலில் முன்கையில் சைலோகைன் டெஸ்ட் டோஸ் போடுவார். முட்டியைச் சுற்றி பீட்டாடைன், மேலே துளையிட்ட துணி. முட்டிச் சில்லுக்குக் கீழே இறங்கும் தசைநாணின் வெளிப்பக்கம் கட்டைவிரலை வைத்தால் மெத்தென்று ஒரு பள்ளம் அகப்படும். தோலிலிருந்து உள்ளுறை வரைக்கும் மரத்துப்போகும் மருந்தை அங்கேதான் மெதுவாக இறக்குகிறோம். இதில் அவசரம் கூடாது. மருந்து போட்டதும் வாட்சைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் பேச்சுக் கொடுப்பேன். எந்த ஊர், என்ன வேலை, பையன் என்ன படிக்கிறான். அந்தப் பத்து நிமிஷத்தைச் சுருக்குகிறவர்களின் நோயாளிகள்தான் வெளியே போய், "உயிர் போச்சு" என்கிறார்கள்.

மூட்டுக்குள் எந்த இடம் வலிக்கும், எது வலிக்காது என்பதைத் தன் முழங்காலிலேயே சோதித்துப் பார்த்த ஒருவர் இருக்கிறார். ஸ்காட் டை என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, மூட்டுக்குள் மருந்தே போடாமல், தன் இரண்டு முழங்கால்களுக்குள்ளும் ஸ்கோப்பை விடச் சொன்னார். சக மருத்துவர் உள்ளே ஒவ்வொரு இடமாகத் தொட, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று இவர் விழித்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். 1998இல் அது கட்டுரையாக வந்தது. முட்டிச் சில்லின் பின்புறக் குருத்தெலும்பை அழுத்திக் குத்தினாலும் அவருக்குத் தெரியவே இல்லை. முன்பக்கத்துக் கொழுப்புத் திண்டையும் மூட்டு உறையையும் தொட்டதும் துடித்துப்போனார். பெரும்பாலும் எல்லாருமே குற்றம் சொல்லும் ஜவ்வோ, லேசாகத்தான் வலித்தது. விழித்திருக்கும் நோயாளியின் மூட்டுக்குள் போகும் எவரும் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும். மருந்தை எங்கே தாராளமாக விடுவது, ஊசி முனையை எங்கே உரசாமல் கொண்டு போவது என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

ஊசி உள்ளே போனதும் முதலில் திரை முழுக்கச் சிவப்பாகவோ மஞ்சளாகவோதான் இருக்கும். ஒரு துளி ரத்தம், இல்லாவிட்டால் அந்தக் கொழுப்புத் திண்டு. சிரிஞ்சால் கொஞ்சம் சலைன் தள்ளியதும் கலங்கல் விலகும். தியேட்டரில் பம்ப் வைத்து லிட்டர் கணக்கில் தண்ணீர் ஓட்டலாம். இங்கே ஒரு சிரிஞ்ச் அதிகமாகத் தள்ளினாலே, "சார், முட்டி வெடிச்சிரும் போல இருக்கு" என்பார்கள். உறை இழுபடும் வலி அது. நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிட்டுத் தொடர வேண்டும். வயசுப் பிள்ளையின் குருத்தெலும்பு திரையில் இளநீர் வழுக்கை மாதிரி வெளேரென்று வழவழப்பாகத் தெரியும். அதை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். யூரிக் அமிலக்காரருக்கு அதே பரப்பில் சுண்ணாம்பு சிதறினாற்போல் இருக்கும். நாள்பட்ட வீக்கக்காரருக்கு உறை சிவந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், விற்க வருகிறவர்கள் சொல்வதில்லை. தியேட்டர் ஸ்கோப்பின் கண்ணாடி 30 பாகை சாய்வானது. இருந்த இடத்திலேயே திருகினால் மூலை முடுக்கெல்லாம் தெரியும். இந்த ஊசி பெரும்பாலும் நேராக மட்டுமே பார்க்கும், எதைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கி ஊசியையே திருப்ப வேண்டும். உள்பக்க ஜவ்வின் பின்கோடியைப் பார்க்க மூட்டைக் கொஞ்சம் விரிய வளைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரின் காலை வளைக்கலாம். விழித்திருப்பவர் தொடையை இறுக்கிக்கொள்வார், அந்தக் கோடி தெரியாமலே போகும். எலும்புக்குள் நடப்பது எதுவும் ஸ்கோப்பில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ.தான். முட்டிமேல் புண்ணோ கொப்புளமோ இருந்தால் அன்றைக்கு ஊசி கிடையாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சரி, இவ்வளவு இருக்கும்போது இந்தக் கருவி எதற்கு?

பதில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் இருக்கிறது. 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை எடுத்து ஒரு பிணத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். விளையாட்டு வீரரின் ஜவ்வெல்லாம் அவர் யோசனையில் இல்லை. அவர் தேடியது காசநோயை. மூட்டுக் காசம் முற்றினால் முழங்கால் மடங்காமல் இறுகிவிடும். ஜப்பானியர்கள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், பேசுகிறவர்கள். கால் மடங்காதவருக்கு அங்கே வீட்டிலும் சபையிலும் இடமில்லாமல் போகும். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அவருக்கு உள்ளே பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய மாணவர் மசாகி வதனபே ஐம்பதுகளின் கடைசியில் செய்த 21ஆம் எண் ஆர்த்ராஸ்கோப்தான் உலகம் முழுக்கப் போனது. 1964இல் டோக்கியோவுக்கு வந்த கனடா மருத்துவர் ராபர்ட் ஜாக்சன், வதனபேக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு டொராண்டோவுக்குக் கொண்டு போனார். அங்கிருந்து அது விளையாட்டு மருத்துவமாகி, தகாகி தொடங்கிய காரணம் மறந்தே போனது.

அந்தக் காரணம் நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாமும் தரையில் உட்காருகிறவர்கள்தான். களை எடுப்பதும் குந்தித்தான்.

நிலக்கோட்டைப் பக்கம் பூ எடுக்கும் ஒரு அம்மா. முப்பது சொச்சம் வயது. ஒரே ஒரு முழங்கால் மட்டும் ஒரு வருஷமாக வீக்கம். வலி பெரிதாக இல்லை, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஓரிடத்தில் சரவாங்கி என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். இன்னோரிடத்தில் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட, இரண்டு மாதம் வீக்கம் வற்றி, பிறகு முன்னைவிடப் பெரிதாக வந்தது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உறை தடித்திருக்கிறது, காசநோயாகவோ வாதமாகவோ வேறு உறை நோயாகவோ இருக்கலாம், பொருத்திப் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. நீர் எடுத்துச் சோதித்ததில் கிருமி இல்லை. மூட்டு நீரில் அது சுலபமாக அகப்படாது என்பதால், இல்லை என்ற பதிலுக்கு மதிப்பும் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் ஊரில் பலரும் செய்யும் ஒன்று நடக்கும்: "எதுக்கும் டி.பி. மருந்து ஆரம்பிச்சுப் பார்ப்போம்." எலும்பு மூட்டுக் காசத்துக்கு மருந்து குறைந்தது பன்னிரண்டு மாதம். கல்லீரலையும் கண்ணையும் கவனித்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மருந்து. அதை எதுக்கும் என்று ஒரு வருஷம் கொடுப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. காசநோயைச் சரவாங்கி என்று நினைத்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பதோ அதைவிட மோசம்.

அந்த அம்மாவை மைனர் ஓ.டி.யில் உட்கார வைத்தேன். திரையை அவர் பக்கமே திருப்பியிருந்தேன். முட்டிக்கு மேலுள்ள பையில் உறை தடித்து, மங்கிய சிவப்பாக, நடு நடுவே வெளிறிக் கிடந்தது. சலைனைத் திரும்ப உறிஞ்சியபோது கூடவே சின்னச் சின்ன வெள்ளை மணிகள் வந்தன. மருத்துவத்தில் அரிசி மணி என்றே அதற்குப் பெயர். காசத்திலும் வரும், வாதத்திலும் வரும் என்பதால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொரு சிறு துளை வழியே மெல்லிய இடுக்கியை விட்டு, கெட்டுப்போன இடமாகப் பார்த்துப் பார்த்துத் துணுக்குகள் எடுத்தேன். குருட்டாம்போக்கில் ஊசி குத்தி எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான்: நோய் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே எடுக்கலாம்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதா சார் என்னைய ஒரு வருஷமா குந்த விடல?" என்றார்.

துணுக்குகளை இரண்டு பாட்டிலில் போட வேண்டும். திசு ஆய்வுக்குப் போவது ஃபார்மலினில். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் போவது வெறும் சலைனில். எல்லாவற்றையும் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்து, கல்ச்சர் வராது. நோயாளி பட்ட பாட்டில் பாதி வீண். இதனால் எங்கள் மைனர் ஓ.டி.யில் இரண்டு பாட்டிலுக்கும் லேபிள் ஒட்டி மேஜையில் வைத்த பிறகுதான் நோயாளியை உள்ளே கூப்பிடுவோம். அந்த அம்மாவுக்கு இரண்டு பாட்டிலின் சோதனையும் காசம் என்றே வந்தது. அரசு காசநோய்த் திட்டத்தில் மருந்து இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு செய்தோம். முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்காரர் போன் பண்ணி, "டாக்டர், ஒன்னுக்கு சிவப்பாப் போகுதாம்" என்று பதறினார். ரிஃபாம்பிசின் மாத்திரை அப்படித்தான் செய்யும், முதல் நாளே சொல்லிவிட்டால் இந்தப் பதற்றம் இருக்காது. உறையோடு நோய் நிற்கும்போதே பிடித்துவிட்டால் மூட்டு முழுசாக மடங்கி நீளும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அவர் இப்போது குந்திப் பூ எடுக்கிறார்.

இதற்கு இணையாக எனக்குப் பிடித்த இன்னொரு உபயோகம், ஏற்கெனவே ஜவ்வைத் தைத்தவர்கள். தையல் போட்ட ஜவ்வு நன்றாகச் சேர்ந்த பிறகும் எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கோடு மாதக்கணக்கில் தெரிந்துகொண்டே இருக்கலாம். கபடி ஆடும் பையன் ஒருவன் அப்படியொரு படத்தோடு வந்தான். திரும்பவும் கிழிந்துவிட்டது, திரும்பவும் ஆபரேஷன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உள்ளே பார்த்தால் ஜவ்வு சேர்ந்திருந்தது. ஒரு ஊசி நுனியால் தள்ளிக்கூடப் பார்த்தேன், பிரியவில்லை. "அப்ப ஆடலாமா சார்?" என்று மேஜையிலிருந்தபடியே கேட்டான். தொடையைப் பார்க்கச் சொன்னேன். இன்னொரு தொடையைவிட நன்றாக இளைத்திருந்தது. அவன் வலி அங்கேதான் இருந்தது, தையலில் இல்லை. பிசியோதெரபிக்கு அனுப்பினேன். பேஸ்மேக்கர் வைத்திருந்து எம்.ஆர்.ஐ.க்குப் போக முடியாதவர்களுக்கும், அந்தக் குகைக்குள் படுத்ததும் மூச்சு முட்டுகிறவர்களுக்கும்கூட இது உதவியிருக்கிறது.

எங்கே வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐம்பதைத் தாண்டியவரின் தேய்ந்த முழங்கால். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர்க்காரர்கள் 991 பேருக்கு, வலி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், எம்.ஆர்.ஐ. எடுத்து 2008இல் வெளியிட்டார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியோ இறுக்கமோ இல்லவே இல்லை. நரைமுடி மாதிரி வயதோடு வருவது அது. அதற்கும் முன்பு, 2002இல், ஹூஸ்டனில் மோஸ்லி என்ற அறுவை மருத்துவர் 180 பேரை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியினருக்கு மூட்டைக் கழுவினார், இன்னொரு பகுதிக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார், மூன்றாவது பகுதிக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார். இரண்டு வருஷம் கழித்தும் யாருக்கும் யாரைவிடவும் வலி குறைந்திருக்கவில்லை. இவ்வளவு தெரிந்த பிறகு, தேய்ந்த மூட்டுக்குள் சின்ன ஊசியாச்சே என்று கேமராவை விட்டு, கிழிசலைத் திரையில் காட்டினால் என்ன நடக்கும்? படத்தில் பார்த்ததையே கண்ணாலும் பார்த்துவிட்ட மனுஷன், "அதை எடுத்துருங்க டாக்டர்" என்றுதான் சொல்வார். தேவையில்லாத ஆபரேஷனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்? தேய்ந்த மூட்டுக்கு நான் திரையைக் காட்டுவதில்லை. தொடைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் சொல்லி அனுப்புகிறேன். எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள் என்பது தனிக் கதை.

காசு விஷயத்தில் ஒரு வேடிக்கை. பல காப்பீட்டுத் திட்டங்களில் பணம் கிடைக்க 24 மணி நேரமாவது படுக்கையில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது அந்தச் சிகிச்சை அவர்களுடைய பகல்நேரப் பட்டியலில் இருக்க வேண்டும். அரை மணியில் முடிந்து ஆட்டோவில் வீட்டுக்குப் போகும் வேலைக்கு நோயாளி கையிலிருந்துதான் கொடுக்கிறார். கூடவே, இந்த ஊசி ஒருவருக்கு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டியது. செலவைக் குறைக்கிறேன் என்று அதையே ஈ.டி.ஓ. வாயுவில் சுத்திகரித்து அடுத்தவருக்கு விடும் பழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. மூட்டுக்குள் சீழ் வைத்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு கரைந்துவிடும். ஊசியின் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. செய்து முடித்த பிறகு ஒரு நாள் ஐஸ் ஒத்தடம், ஒரு பிளாஸ்திரி, இரண்டு மூன்று நாள் கடின வேலை வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் காய்ச்சலோ, மூட்டு சூடாகி வீங்குவதோ, காலை ஊன்ற முடியாத வலியோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கு ராத்திரியே வந்துவிட வேண்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரே ஒரு மூட்டு மட்டும் ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியே இருந்தால், அடிபட்ட ஞாபகமும் இல்லை என்றால், அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் முன்பு, "திசு எடுத்துப் பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அந்த அறிக்கையின் நகலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவரிடம் போகும்போது எம்.ஆர்.ஐ. படத்தைவிட அதுதான் உதவும்.